ஆயிரம் குதிரைத்திறனைத் தாங்கும் ராடும் பிஸ்டனும்

டர்போ எஞ்சினில் எரியும் வாயுவின் விசையை முதலில் ஏற்பது பிஸ்டன். அதை கிராங்க்‌ஷாஃப்டுக்குக் கொண்டுசேர்ப்பது கனெக்டிங் ராட். டர்போவைப் பெரிதாக்கி, பூஸ்ட் அழுத்தத்தை ஏற்றி, எரிபொருளைக் கூட்டினால் பெரும்பாலான எஞ்சின்கள் கூடுதல் திறன் தரும். அந்தக் கூடுதல் சுமை விழுவது இந்த இரண்டு பாகங்களின் மீதுதான். ராட் முறிந்தால் பிளாக்கின் பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிளாக், கிராங்க்‌ஷாஃப்ட், ஹெட் எல்லாம் ஒரே நொடியில் பழைய இரும்பாகிவிடும். எஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டும்போது இவற்றைத் தேர்ந்தெடுப்பதுதான் மிகவும் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

விற்பனைப் பட்டியல்களில் ஒவ்வொரு ராடுக்கும் பிஸ்டனுக்கும் அது தாங்கும் குதிரைத்திறன் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. ஆயிரம் குதிரைத்திறன் அதிக பூஸ்டிலிருந்து வருகிறதா, அதிக சுழல் வேகத்திலிருந்து வருகிறதா என்பதுதான் பாகங்களின் மீதான சுமையை முடிவு செய்கிறது. ராடையும் பிஸ்டனையும் அந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓர் எஞ்சின், ஒரு கணக்கு

இதை விளக்க டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சின் பொருத்தமானது. 1991இல் அரிஸ்டோ காரிலும் 1993இல் சுப்ரா காரிலும் வந்து, 2002 வரை ஜப்பானில் தயாரான ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சின் இது. சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். பிளாக் வார்ப்பிரும்பு, கிராங்க்‌ஷாஃப்ட் ஃபோர்ஜ் செய்த எஃகு, அதைத் தாங்க ஏழு மெயின் பேரிங்குகள். சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் ஒரே அளவு: 86 மி.மீ. மொத்தக் கொள்ளளவு 2,997 கன செ.மீ., அமுக்க விகிதம் 8.5:1. ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்றும் அமெரிக்காவில் 320 என்றும் அறிவிக்கப்பட்டது. 280க்கு மேல் விளம்பரப்படுத்துவதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் 1989 முதல் 2004 வரை தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. எஞ்சினின் உண்மையான வலு அந்த எண்ணுக்கு வெகு மேலே இருந்தது. பந்தயக்காரர்களும் பட்டறைக்காரர்களும் இன்றும் இதைத் தேடி வாங்குவதற்கு அதுவே காரணம்.

ராடையும் பிஸ்டனையும் மாற்றாமலே சுமார் 700 குதிரைத்திறன் வரை இந்த எஞ்சினைப் பட்டறைக்காரர்கள் ஓட்டுகிறார்கள். 1997க்குப் பிறகு வந்த, வால்வு நேரத்தை மாற்றியமைக்கும் விவிடி-ஐ வகையில் ராட்கள் மெலிந்தவை. அவற்றில் இன்னும் எச்சரிக்கை தேவை. 700க்கு மேலே போக நினைப்பவர்கள் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

இலக்கு 1,000 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் அதை அடைய இரண்டு வழிகள் உண்டு. நிமிடத்துக்கு 6,500 சுற்றில் அந்தத் திறனை எடுக்க வேண்டுமானால் சுமார் 1,095 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 8,500 சுற்றில் எடுப்பதானால் சுமார் 838 போதும். முதல் வழியில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகும். இரண்டாவது வழியில் பாகங்களின் வேகம் மிகும்.

அழுத்தம் ராடை மேலிருந்து கீழே அமுக்குகிறது. 86 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் மேற்பரப்பு 58 சதுர செ.மீ. எரிதலின் உச்சத்தில் அழுத்தம் 100 பார் என்று கொண்டால் பிஸ்டன் மீது விழும் விசை சுமார் 5.9 டன். அதுவே 150 பார் ஆனால் 8.9 டன். ராடின் தண்டு வளையாமல் இதைத் தாங்க வேண்டும்.

வேகம் ராடை இழுக்கிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டன் மேல் முனைக்கு வந்து திரும்பும்போது, அதை எதிர்த்துத் தள்ள சிலிண்டரில் வாயு அழுத்தம் இருப்பதில்லை. பறந்துபோகத் துடிக்கும் பிஸ்டனை ராட் மட்டுமே பிடித்துக் கீழே இழுக்கிறது. பிஸ்டன், ரிங், பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து 700 கிராம் என்றால், 6,500 சுற்றில் இந்த இழுவிசை சுமார் 1.85 டன், 8,500 சுற்றில் சுமார் 3.17 டன். சுழல் வேகம் 31 சதவீதம்தான் கூடியது, விசையோ 71 சதவீதம் கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இந்த விசை ஏறும் என்பதே காரணம். 8,500 சுற்றில் ஒவ்வொரு ராடும் நொடிக்கு 71 முறை இந்த இழுப்பைச் சந்திக்கிறது.

ஆகவே பூஸ்ட் ராடின் தண்டைச் சோதிக்கிறது, சுழல் வேகம் ராடின் போல்ட்டைச் சோதிக்கிறது. பிஸ்டனுக்கு இந்த இரண்டோடு வெப்பமும் சேர்கிறது.

ராடின் வடிவமும் உலோகமும்

சந்தையில் கிடைக்கும் வலுவூட்டிய ராட்களில் பெரும்பாலானவை 4340 என்ற குரோம்-மாலிப்டினம்-நிக்கல் எஃகினால் ஆனவை. அதே எஃகில் சிலிக்கனையும் வனேடியத்தையும் கூட்டிச் செய்தது 300எம். இது இன்னும் வலிமையானது, விலையும் அதிகம். டைட்டானியம் ராட் எடை குறைந்தது. ஆனால் அதன் பக்கவாட்டு முகங்கள் உராய்ந்து ஒட்டிக்கொள்ளக் கூடியவை என்பதால் தனிப் பூச்சு வேண்டும், விலையும் பல மடங்கு. அலுமினிய ராட்கள் டிராக் பந்தயத்துக்கு உரியவை. அவை அதிர்வைத் தாங்கி பேரிங்கைக் காக்கும். ஆனால் உலோக அயர்வினால் விரைவில் வலுவிழக்கும். ஆகவே குறிப்பிட்ட ஓட்டங்களுக்குப் பிறகு மாற்றியே ஆக வேண்டும். தினமும் தெருவில் ஓடும் காருக்கு எஃகுதான் உகந்தது.

வடிவத்தில் ஹெச்-பீம், ஐ-பீம் என்று இரண்டு பெரும் வகைகள். தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் எழுத்தின் வடிவமே பெயர். ஹெச்-பீமை எடை அதிகம் ஏறாமல் விறைப்பாகச் செய்ய முடியும். 2ஜேஇசட் எஞ்சினை ஆயிரம் குதிரைத்திறன் அளவுக்குக் கட்டுபவர்களில் பலரும் இதையே எடுக்கிறார்கள். தடித்த ஐ-பீம் அமுக்கவிசையை மிக நன்றாகத் தாங்கும். மிக உயர்ந்த பூஸ்டில் ஓடும் எஞ்சின்களுக்கு அதைத் தேர்வார்கள். ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நல்ல எஃகில், நல்ல வெப்பப் பதத்தில், கூர்மையான மூலைகள் இல்லாமல் முடித்த ஹெச்-பீம், மலிவாகச் செய்த ஐ-பீமைவிட நெடுநாள் உழைக்கும். விலை குறைந்த செட்களில் பெரிய முனையின் துளை வட்டம் தவறியிருப்பதும், ஆறு ராட்களின் எடை ஒன்றுக்கொன்று மாறுபடுவதும் உண்டு. புதிய ராட் என்றாலும் அளந்து பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

2ஜேஇசட் ராடின் நீளம், மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை, 142 மி.மீ. கிராங்க்‌ஷாஃப்டின் ஆரம் 43 மி.மீ.; பிஸ்டனில் பின்னின் மையத்திலிருந்து தலை விளிம்பு வரையுள்ள உயரம் சுமார் 34 மி.மீ. இந்த மூன்றையும் கூட்டினால் வரும் 219 மி.மீ. அளவுக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். கொள்ளளவை 3.4 லிட்டராக்க 94 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க்‌ஷாஃப்டைப் போட்டால் அதன் ஆரம் 47 மி.மீ. ஆகிவிடும். அந்த 4 மி.மீட்டரை ராடின் நீளத்திலோ பிஸ்டனின் உயரத்திலோ குறைத்தாக வேண்டும். அதனால் ராட், பிஸ்டன், கிராங்க்‌ஷாஃப்ட் மூன்றையும் ஒரே செட்டாக முடிவு செய்வது அவசியம்.

சிறிய போல்ட், பெரிய பொறுப்பு

ராடின் கீழ்முனை இரண்டு துண்டுகளாக இருக்கும். அவற்றை இணைக்கும் இரண்டு போல்ட்கள்தான் இழுவிசை முழுவதையும் தாங்குகின்றன. அதிக வேக எஞ்சினில் ராடைவிட அதன் போல்ட்டுக்கே கூடுதல் கவனம் தேவை. ஏஆர்பி நிறுவனத்தின் 8740 வகை நடுத்தர வேலைக்குப் போதும். ஏஆர்பி 2000 வகை அதைவிட வலிமையானது. பெரும்பாலான நல்ல ராட்கள் இதோடுதான் வருகின்றன. எல்19 இன்னும் வலிமையானது, ஆனால் ஈரமும் கை வியர்வையும் பட்டால் துருவும் நுண்விரிசலும் கண்டு ஒடியக் கூடியது. எப்போதும் எண்ணெய் பூசி வைத்திருக்க வேண்டும். கஸ்டம் ஏஜ் 625 என்ற நிக்கல் கலவை போல்ட்டுக்கு அந்தக் குறை இல்லை, விலைதான் தடை.

போல்ட்டை முடுக்கும் முறையும் அதன் தரத்தைப் போலவே முக்கியம். டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணில் பெரும்பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது. எந்த எண்ணெயைப் பூசினோம் என்பதைப் பொறுத்து உண்மையான பிடிப்பு மாறும். அதனால் தேர்ந்த பட்டறைகளில் போல்ட்டின் நீளத்தையே அளக்கிறார்கள். போல்ட்டின் இரு முனைகளிலும் சிறு குழி இருக்கும். அளவியின் இரு முனைகளையும் அந்தக் குழிகளில் பொருத்தி, முடுக்கும் முன் எண்ணைப் பூஜ்யமாக்கி, மெல்ல முடுக்கிக்கொண்டே போனால், முள் நகர்ந்து போல்ட் நீள்வதைக் காட்டும். ஏஆர்பி 2000 வகை போல்ட் ஒன்று பொதுவாக 0.14 முதல் 0.15 மி.மீ. நீளும்போது சரியான பிடிப்பு கிடைக்கும். எந்த ராடுக்கு எவ்வளவு என்பதை அதோடு வரும் சீட்டு சொல்லும். கழற்றிய பிறகு போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். 0.025 மி.மீ. கூடுதலாக நின்றுவிட்டாலும் அதைத் தூக்கிப் போட வேண்டும். ஆறு ராட்களுக்கும் முதல் நாளிலேயே பன்னிரண்டு போல்ட்களின் நீளத்தையும் அளந்து எழுதி வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

பிஸ்டனின் கலவை

தொழிற்சாலையிலிருந்து வரும் பிஸ்டன் அலுமினிய வார்ப்பு. அமைதியாக ஓடும், நெடுநாள் உழைக்கும். ஆனால் நாக்கிங் வந்தால், அதாவது எரியாமல் மிஞ்சிய கலவை தானாகவே வெடித்தால், அதன் ரிங் காடிகளுக்கு இடையிலுள்ள விளிம்பு உடைந்து விழும். உயர் திறனுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேண்டும். கட்டியான அலுமினியத்தை அச்சில் வைத்து அழுத்தி உருவாக்குவதால் உலோகத்தின் உள்ளமைப்பு நெருக்கமாகிறது.

ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் இரண்டு கலவைகள் வழக்கில் உள்ளன. 4032 கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன் உண்டு. சிலிக்கன் கடினமானது, வெப்பத்தில் அதிகம் விரியாது. அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே குறைந்த இடைவெளி போதும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓட்டும்போது தட்டும் சத்தம் வராது. ரிங் காடிகளும் சீக்கிரம் தேயாது. ஆனால் சிலிக்கன் உலோகத்தை நொறுங்கும் தன்மையுடையதாகவும் ஆக்குகிறது.

2618 கலவையில் சிலிக்கன் கால் சதவீதத்துக்கும் குறைவு. செம்பும் மெக்னீசியமும் நிக்கலும் வலுவைத் தருகின்றன. இது 4032ஐவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதலாக விரியும். எனவே அதிக இடைவெளி விட வேண்டும். குளிரில் தட்டும், சூடேறியதும் அடங்கும். சிறிது எண்ணெய் செலவும் இருக்கலாம். அதன் பெரிய பலம் இழுபடும் தன்மை. நாக்கிங்கின் அடி விழுந்தால் உடைந்து சிதறாமல் சற்றே நெளிந்து தாங்கும். உயர்ந்த வெப்பத்திலும் வலுவை நன்றாகக் காக்கும். 600, 650 குதிரைத்திறனுக்குள் தினமும் ஓட்டும் காருக்கு 4032 சிறந்தது. 2ஜேஇசட் எஞ்சினில் 800ஐத் தாண்டப் போகிறவர்களும், பந்தயத்துக்குக் கட்டுகிறவர்களும் 2618ஐத்தான் எடுக்க வேண்டும்.

எடையும் கணக்கில் வர வேண்டும். 8,500 சுற்றில் பிஸ்டனில் 100 கிராம் குறைத்தால் ராட் போல்ட்கள் தாங்க வேண்டிய இழுவிசை ராடுக்குச் சுமார் 450 கிலோ குறையும். ஆனால் டர்போ எஞ்சினுக்கான பிஸ்டனில் தலை தடிமனாகவும், மேல் ரிங் சற்று இறங்கியும், ரிங் விளிம்புகள் அகலமாகவும் இருப்பது அவசியம். எடையைக் குறைக்கிறோம் என்று இவற்றில் கைவைப்பது ஆபத்து.

அமுக்க விகிதமும் எரிபொருளும்

பிஸ்டன் தலையின் குழிவு அமுக்க விகிதத்தை நிர்ணயிக்கிறது. இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 499.5 கன செ.மீ. விகிதம் 8.5 ஆக இருக்க, பிஸ்டன் மேல் முனையில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 66.6 கன செ.மீ. அதே விகிதம் 10 ஆக வேண்டுமானால் மிஞ்சும் இடம் 55.5. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 11 கன செ.மீ., அதாவது இரண்டு தேக்கரண்டி அளவுதான். ஹெட்டைச் சீவினாலோ, கேஸ்கெட்டின் தடிமன் மாறினாலோ இந்தக் கணக்கு மாறிவிடும். பிஸ்டனை ஆர்டர் செய்யும் முன் எரியறையின் கொள்ளளவை அளவுக்குழாயால் திரவம் ஊற்றி அளப்பது இதனால்தான்.

விகிதம் உயர்ந்தால் டர்போ சுழலத் தொடங்கும் முன்பே எஞ்சின் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் பூஸ்டும் சேரும்போது மிஞ்சிய கலவை தானாகவே வெடித்து நாக்கிங் வரும் வாய்ப்பும் கூடும். பங்க் பெட்ரோலில் ஓடும் எஞ்சினுக்கு 8.5 முதல் 9 வரை பாதுகாப்பானது. 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ85 எரிபொருள் ஆவியாகும்போது உள்வரும் காற்றைக் குளிர்விக்கும்; அதன் ஆக்டேன் மதிப்பும் உயர்வு. அதில் 9.5, 10 வரை போகலாம். எந்த எரிபொருள் நிரந்தரமாகக் கிடைக்கும் என்று தெரியாமல் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பின், ரிங், இடைவெளிகள்

பிஸ்டனையும் ராடையும் இணைக்கும் பின்னின் விட்டம் இங்கே 22 மி.மீ. உயர்ந்த பூஸ்டில் இது வளைந்தால் பிஸ்டனின் உட்பகுதி விரிசல் காணும். எனவே சுவர் தடித்த பின் வாங்க வேண்டும். வாங்கும் பிஸ்டனோடு வரும் பின் எத்தனை குதிரைத்திறனுக்கு உரியது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பல செட்களில் மெலிந்த பின்தான் வரும்.

சிலிண்டரைச் சீராக்க ரீபோர் செய்யும்போது 86.5 அல்லது 87 மி.மீ. என்று விட்டத்தைக் கூட்டுவது வழக்கம். 87 மி.மீ. போட்டால் கொள்ளளவு 3,067 கன செ.மீ. ஆகும். தேய்மானத்தை நீக்கத் தேவையான அளவுக்கு மேல் சுவரைக் குடைந்தால் சுவர் மெலியும். அழுத்தம் தாங்க வேண்டிய எஞ்சினில் சுவரின் தடிமன் சில கன செ.மீட்டரைவிட மதிப்பு மிக்கது. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே கடைசி ஹோனிங் செய்ய வேண்டும். அதுவும் பிளாக்கின் மேல் தடித்த தகட்டைப் போல்ட் போட்டு இறுக்கிய நிலையில். ஹெட்டைப் பூட்டும்போது சிலிண்டர் எப்படி நெளியுமோ அந்த நெளிவோடு தேய்த்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். இந்த விட்டத்தில் 4032 பிஸ்டனுக்கு இடைவெளி ஏறத்தாழ 0.06 முதல் 0.075 மி.மீ.; 2618க்கு 0.09 முதல் 0.11. இறுதி அளவு பிஸ்டன் செய்தவர் தரும் சீட்டில் உள்ளதே.

ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் சிலிண்டர் விட்டத்தை 0.0045ஆல் பெருக்கினால் வரும் அளவு போதும். உயர்ந்த பூஸ்டுக்கு 0.0055 முதல் 0.006. 86.5 மி.மீ. சிலிண்டரில் இது சுமார் 0.48 முதல் 0.52 மி.மீ. இரண்டாவது ரிங்குக்கு இன்னும் சற்றுக் கூடுதல். இடைவெளி போதாவிட்டால் ரிங் சூடேறி நீண்டு, முனைகள் முட்டிக்கொண்டு, சிலிண்டரில் கீறி, பிஸ்டனின் விளிம்பையே பெயர்த்துவிடும். நாக்கிங்கின் மீது பழி போடப்படும் பல சேதங்களுக்கு உண்மைக் காரணம் இதுவே. இடைவெளி சற்று அதிகமானால் சிறிது வாயுக் கசிவோடு போகும். குறைந்தால் எஞ்சினே போகும்.

ராட் பேரிங்கில் கிராங்க் பின்னின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய, நம்பகமான கணக்கு. 52 மி.மீ. பின்னுக்கு 0.052 மி.மீ.; அதிக சுமைக்குச் சற்றுக் கூட்டலாம். போல்ட்டை முழு அளவுக்கு முடுக்கிய நிலையிலேயே ராடின் பெரிய துளையை அளக்க வேண்டும். பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சும் குழாய்களில் புதிய ராடோ பிஸ்டன் ஸ்கர்ட்டோ இடிக்கிறதா என்று கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதும் கட்டாயம். பெரிய கேம்‌ஷாஃப்ட் போட்டிருந்தால் வால்வுகளுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும்.

எந்த இலக்குக்கு எது

சுமார் 600 குதிரைத்திறனில் தினமும் ஓடும் காரின் எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதானால் 4032 பிஸ்டன், 4340 எஃகு ஹெச்-பீம் ராட், ஏஆர்பி 2000 போல்ட் போதும். 800 முதல் 1,000 வரை 2618 பிஸ்டன், தடித்த பின், அதே ராடின் உயர்ந்த ரகம். 7,500 சுற்றுக்குள் நின்று பூஸ்டை ஏற்றுபவர் தண்டின் வலுவுக்கும் பின்னுக்கும் பணம் செலவிட வேண்டும். 8,500ஐத் தொடுபவர் போல்ட்டுக்கும் எடைக் குறைப்புக்கும். 1,200ஐத் தாண்டினால் 300எம் அல்லது தடித்த ஐ-பீம் ராட், தலையில் வெப்பத் தடைப் பூச்சு, விலையுயர்ந்த போல்ட் எல்லாம் சேர வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் பிரித்துப் பார்க்கவும் வேண்டும்.

எந்த ஃபோர்ஜ்டு பாகமும் தவறான டியூனிங்கைத் தாங்காது. எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தாலோ, இக்னிஷன் முந்திப்போய் தொடர்ந்து நாக்கிங் வந்தாலோ 2618 பிஸ்டனும் உருகும். நல்ல பாகங்கள் சில நொடித் தவறை மன்னிக்கும். தொடர்ந்த தவறை மன்னிக்கும் பாகம் எதுவும் இல்லை.

கட்டி முடித்த எஞ்சினை முதலில் சாதாரண மினரல் எண்ணெயில், குறைந்த பூஸ்டில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். நெடுநேரம் ஐடிலில் விட்டால் ரிங்குகள் சிலிண்டரில் சரியாகப் படியாது. முதல் எண்ணெய் மாற்றத்தின்போது ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். சிறிது மினுமினுப்பு இயல்பு. சீவல்களாக உலோகம் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள், அந்த இடத்திலேயே நிறுத்திப் பிரிக்க வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்து, எண்ணெய் அழுத்தமும் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்க அழுத்தமும் சீராக இருந்த பிறகே பூஸ்டைப் படிப்படியாக ஏற்றி இலக்கை நோக்கிப் போக வேண்டும்.